ஊரடங்குக் காலத்தில் நட்பைத் தாங்கிய குரல்பதிவு: வாட்ஸ்ஆப்பின் ஒரு வசதி குறித்த மதிப்புரை

கொரோனா ஊரடங்கு நாட்களில் நண்பர்களை ஒன்றாக வைத்திருந்த தொழில்நுட்பம் எது என்று சென்னையில் கேட்டால், பலரும் ஜூம் செயலியின் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரே திரையில் பல முகங்கள் கட்டங்கட்டமாகத் தெரியும் அந்தக் காட்சி செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி வந்ததால், அந்தக் காலத்தின் அடையாளமாகவே அது மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் எங்கள் ஏழு பேருக்கு அந்தப் பணியைச் செய்தது வாட்ஸ்ஆப்பில் உள்ள குரல்பதிவு வசதி. 2013ஆம் ஆண்டிலேயே அறிமுகமாகி, அதுவரை அவசரத்துக்கு மட்டும் பயன்பட்டுவந்த அந்தச் சிறிய ஒலிவாங்கிப் பொத்தானின் முழு மதிப்பு 2020இல்தான் எங்களுக்குப் புரிந்தது. இந்த மதிப்புரை அந்த ஒரு வசதியைப் பற்றியது. செயலியின் பிற பகுதிகளையும் போட்டிச் செயலிகளையும் ஒப்பீட்டுக்குத் தேவையான இடங்களில் மட்டும் குறிப்பிடுகிறேன்.

நாங்கள் ஏழு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ராயபுரம், பெரம்பூர், அம்பத்தூர், வேளச்சேரி, திருவான்மியூர், தாம்பரம் என்று நகரின் எல்லாத் திசைகளிலும் சிதறி வாழ்ந்தாலும், பெசன்ட் நகர்க் கடற்கரையில் கூடுவதை விடாமல் வைத்திருந்தோம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை உள்ளிட்ட மாநகராட்சிகளில் காய்கறிக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு இருந்தது. மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஜூன் 19இல் சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களின் பகுதிகளுக்கும் மீண்டும் கடுமையான ஊரடங்கு வந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் கதவு சிறிது திறந்து மீண்டும் அடைபட்ட மாதங்களில், ஒருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டுமானால் அது கைபேசி வழியாகத்தான் தெரிய வேண்டியிருந்தது.

சாதாரணத் தொலைபேசி அழைப்பு இருக்கும்போது குரல்பதிவு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2020 மார்ச்சில் யாருக்கு அழைத்தாலும் மணி ஒலிப்பதற்கு முன் இருமல் சத்தமும், அதைத் தொடர்ந்து கொரோனா விழிப்புணர்வு அறிவிப்பும் வந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். அறிவிப்பின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும், குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியைச் சொல்ல அழைக்கும் ஒருவர் முதலில் இருமலைக் கேட்டு, கைகழுவும் முறையைக் கேட்டு, அதன் பிறகு தோழியின் குரலைக் கேட்கும்போது, சொல்ல வந்த மகிழ்ச்சியில் பாதி வடிந்துவிடும். சிறிய செய்திக்காக அழைப்பதே மெல்லக் குறைந்தது. பெரிய செய்திக்கு மட்டும் அழைப்பது என்று பழகிவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வோர் அழைப்பும் அச்சத்தைத் தருவதாக ஆகிவிடுகிறது. அந்த மாதங்களில் நண்பரின் பெயர் திரையில் ஒளிர்ந்தவுடன் வயிற்றைப் பிசைந்த உணர்வைச் சென்னைவாசிகள் பலர் அறிந்திருப்பார்கள்.

காணொளி அழைப்புகளையும் நாங்கள் விட்டுவிடவில்லை. ஜூமின் கட்டணமில்லாச் சேவையில் குழு உரையாடல் 40 நிமிடங்களில் நின்றுவிடும்; 2020 ஏப்ரலில் அது பாதுகாப்பான தளம் அன்று என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரிக்கையும் வெளியிட்டது. கூகுள் மீட் மே மாதத்தில் அனைவருக்கும் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. வாட்ஸ்ஆப்பின் குழு அழைப்பில் முதலில் நான்கு பேர் மட்டுமே சேர முடிந்தது. அந்த ஏப்ரலில்தான் அது எட்டாக உயர்ந்தது. ஏழு பேர் கொண்ட குழுவில் எந்த மூவரை விடுவது என்ற சங்கடம் அதனால் தீர்ந்தது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். எண்ணிக்கை தீர்ந்தாலும் இடமும் நேரமும் தீரவில்லை. ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் ஒரு மூலையில் மகனுக்கு இணையவழி வகுப்பு, இன்னொரு மூலையில் கணவருக்கு அலுவலகக் கூட்டம், கூடத்தில் மாமனார் பார்க்கும் செய்தித் தொலைக்காட்சி என்று இருக்கும்போது, தோழி ஒருத்தி தன் முகத்தையும் தன் வீட்டையும் திரையில் காட்டி மனம்விட்டுப் பேச எந்த மூலை மிச்சம் இருக்கும்? எங்கள் குழுவில் ஒருவர் செவிலியர். அவருடைய பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறியது. ஏழு பேருக்கும் பொருந்தும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

குரல்பதிவு இந்த இரண்டு தடைகளையும் ஒன்றாக நீக்கியது. பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசி விட்டுவிட்டால் பதிவு போய்விடும். மேல்நோக்கித் தள்ளிப் பூட்டிவிட்டால் கையை எடுத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டே பேசலாம். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது ஒருவர் பேசலாம். இரவுப் பணி முடித்து வந்து குளித்துவிட்டு இன்னொருவர் கேட்கலாம். காதருகே கைபேசியைக் கொண்டுபோனால் ஒலிபெருக்கி தானாக அடங்கி, தொலைபேசியில் பேசுவது போலக் காதுக்குள் மட்டும் கேட்கும். கூட்டம் நிறைந்த வீட்டில் ஒரு தோழியின் அழுகையைக் கேட்பதற்கு அந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு உதவியது என்பது அப்படிக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் சேமிக்கப்படுவதால் கோப்பின் அளவு காணொளியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. இணைப்பு தளர்ந்திருந்தாலும் பதிவு காத்திருந்து, இணைப்பு வந்தவுடன் போய்ச் சேரும். அடுத்தடுத்து வந்த பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஒலிக்கச் செய்யும் வசதி 2019இல் வந்திருந்தது. அதனால் ஒரு நாளின் பேச்சு முழுவதையும் பாத்திரம் கழுவும் நேரத்தில் தொடர்ச்சியாகக் கேட்டுவிட முடிந்தது.

இனி, இந்த வசதியை நான் ஏன் இவ்வளவு உயர்வாக மதிக்கிறேன் என்பதற்கு வருகிறேன். எழுத்துச் செய்தி ஒரு செய்தியைச் சுருக்கிவிடுகிறது. “பாப்பா நடந்துவிட்டாள்” என்று எழுதினால் அதற்கு ஆறு கைதட்டல் படங்கள் வரும், அத்தோடு முடிந்துவிடும். அம்பத்தூரில் இருந்த தோழி அதைப் பேசி அனுப்பினாள்: “பாப்பா இன்னிக்கு நாலு அடி நடந்துட்டா, யாராச்சும் பாத்திருக்கணும்டி, அப்படியே சுவத்தப் புடிக்காம வந்தா.” அந்தப் பதிவில் குழந்தையின் சிரிப்பும், அதைப் பின்னிருந்து கூப்பிடும் பாட்டியின் குரலும், குக்கரின் மூன்றாவது விசிலும், தெருவில் போன குடிநீர் லாரியின் சத்தமும் இருந்தன. அந்தக் குழந்தையை நாங்கள் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த வீட்டின் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. வேளச்சேரி நண்பரின் பதிவுகளில் எப்போதும் ஒரு குயில் கூவும். வாகன இரைச்சல் அடங்கியிருந்த அந்த ஏப்ரலில் சென்னைக்குள் இவ்வளவு பறவைகள் இருந்தனவா என்று அவர் வியந்து பேசிய பதிவு ஒன்று, தொடங்கிய விஷயத்தை மறந்து முழுக்க முழுக்கக் குயிலைப் பற்றியதாகவே முடிந்தது.

பகிர்ந்துகொண்டவை பெரும்பாலும் இத்தகைய சின்னச் செய்திகளே. மாவு புளிக்காமல் கெட்டியாகிப்போன இட்லி, யூடியூப் பார்த்து முதன்முறையாகக் கணவருக்கு முடிவெட்டிவிட்டது, மாடித் தொட்டியில் முதல் வெண்டைக்காய் காய்த்தது, அப்பா தன் ஓய்வூதியத்தை இணையத்தில் தானே சரிபார்க்கக் கற்றுக்கொண்டது, பாதியாகக் குறைந்த சம்பளம் மீண்டும் முழுதாக வந்தது, ஜூன் 9இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து என்ற அறிவிப்பு வந்ததும் மகள் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தது, இப்படியாகப் போகும். மண்டபம் பேசி முன்பணம் கொடுத்திருந்த நண்பரின் தங்கை திருமணம், ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியால் வீட்டுக் கூடத்தில் நடந்தது. தாலி கட்டிய நேரத்தில் ஒலித்த கெட்டிமேளத்தை அவர் பதிவுசெய்து அனுப்பினார். நாகஸ்வரக்காரரும் தவில்காரருமாக இருவர் மட்டுமே வந்திருந்தார்கள். அந்த ஒலியில் இருந்த நிறைவு, பிறகு வந்த புகைப்படங்களில் எனக்குத் தெரியவில்லை. படத்தில் முகக்கவசமும் காலி நாற்காலிகளுமே முதலில் கண்ணில் பட்டன.

வாட்ஸ்ஆப்பிலேயே உள்ள ஸ்டேட்டஸ் வசதியும் இத்தகைய செய்திகளைப் பகிரத்தான் இருக்கிறது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் அந்தப் பகிர்வு, எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் பால்காரர் முதல் மேலாளர் வரை அனைவருக்கும் பொதுவாகப் போவதால், அதில் வருவது அலங்கரித்த செய்தியாகவே இருக்கும். சம்பளம் குறைந்ததை யாரும் ஸ்டேட்டஸில் சொல்வதில்லை. ஏழு பேருக்கு மட்டும் என்ற எல்லை இருந்ததால்தான் தோல்விகளும் குழுவுக்குள் வந்தன.

குழுவில் நாங்கள் கடைப்பிடித்த விதி ஒன்றே ஒன்று: ஃபார்வேர்டு செய்த எதையும் போடக் கூடாது. கபசுரக் குடிநீர் பற்றியும் வெந்நீர் பற்றியும் வந்த செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று பிரிக்க முடியாத அந்த நாட்களில், 2020 ஏப்ரலில் வாட்ஸ்ஆப் நிறுவனமே பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அது நல்ல முடிவு. ஆனாலும் உறவினர் குழுக்களில் நாள்தோறும் குவிந்த செய்திகள் அதனால் நின்றுவிடவில்லை. அங்கே யாருடைய அன்றாடமும் தெரியாது. எல்லோரும் அடுத்தவர் எழுதியதையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவிலோ, பேசுபவர் தன் வாயால் தன் வீட்டைப் பற்றித்தான் பேச முடியும். குரல்பதிவையும் ஃபார்வேர்டு செய்யலாம்தான். என்றாலும் நண்பரின் குரலுக்கு நடுவே அறிமுகமில்லாத ஒருவரின் குரல் ஒலித்தால் அது உடனே தெரிந்துவிடும்.

ஜூன் மாதம் ராயபுரம் நண்பருக்குத் தொற்று உறுதியானது. சென்னை மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களில் அப்போது மிக அதிகமான பாதிப்பு ராயபுரத்தில்தான் இருந்தது. வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அவர் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அமைக்கப்பட்டிருந்த சிகிச்சை மையத்துக்குப் போனார். பேச மூச்சு இல்லாத நாட்களில் அவரிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. இந்த இடத்தில் வாட்ஸ்ஆப்பின் ஒரு சிறு ஏற்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாம் அனுப்பிய குரல்பதிவின் தகவல் பகுதியைத் திறந்தால், குழுவில் யார் யார் அதைக் கேட்டார்கள் என்பது பெயரோடு தெரியும். செய்தி படித்ததைக் காட்டும் நீலக்குறியைத் தனி உரையாடல்களில் அணைத்து வைக்க முடியும். குரல்பதிவைக் கேட்டதைக் காட்டும் குறியை அணைக்க முடியாது. பொதுவாக இது தனியுரிமையில் ஒரு குறை என்றே சொல்லப்படுகிறது. எங்களுக்கு அந்த நாட்களில் அதுவே ஆறுதலாக இருந்தது. அவர் பதில் பேசாவிட்டாலும், நாங்கள் ஆளுக்கொன்றாகப் பேசி அனுப்பியவற்றை இரவில் கேட்டிருக்கிறார் என்பது காலையில் தெரிந்துவிடும். “கேட்டுட்டான்” என்று யாராவது ஒருவர் குழுவில் எழுதுவார். அதற்கு மேல் எவரும் எதுவும் கேட்க மாட்டோம்.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய முதல் பதிவு மிகச் சிறியது. தரையைத் துடைக்க ஊற்றிய பினாயிலின் வாடை மூக்கில் ஏறியது என்று சொன்னார், அவ்வளவுதான். பல நாட்களாக எதன் வாசனையும் தெரியாமல் இருந்தவருக்கு அது எத்தகைய செய்தி என்பதை அவர் குரலே சொன்னது. வேறு எந்தச் சமயத்திலும் ஒருவர் தன் நண்பர்களிடம் பினாயில் வாடையை நற்செய்தியாகச் சொல்லமாட்டார். குரல் கம்மியிருந்தது, இடையிடையே மூச்சு வாங்கியது, ஆனால் முந்தைய வாரத்தைவிடத் தெளிவாக இருந்தது. எங்கள் செவிலியர் தோழி அந்த மூச்சின் இடைவெளியைக் கேட்டே “தேறிட்டு வர்றான்” என்றாள். எழுத்தில் அந்த அறிகுறி அவளுக்குக் கிடைத்திருக்காது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னை மருத்துவமனையில் இருந்தபோது, ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்குத் திரையுலகினர் கூட்டுப் பிரார்த்தனைக்கு அழைப்பு விடுத்திருந்தார்கள். அன்று மாலை எங்கள் குழுவில் ஏழு பேரும் அவர் பாடிய பாடல்களிலிருந்து ஆளுக்கு இரண்டு வரி பாடி அனுப்பினோம். சுருதி சேராதவர்கள்கூடத் தயங்கவில்லை. செப்டம்பர் 25இல் அவர் மறைந்த செய்தி வந்த பிறகு, அந்தப் பதிவுகளை மீண்டும் கேட்கப் பல நாட்கள் எவருக்கும் மனம் வரவில்லை.

நவம்பர் 25 இரவு நிவர் புயலின்போது இந்த வசதி வேறொரு விதத்தில் பயன்பட்டது. அன்று நண்பகல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 1,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பே போதும். வேளச்சேரி நண்பர் படிக்கட்டில் நின்று, தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது என்று அவ்வப்போது பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை, கைபேசியில் மின்னேற்றமும் குறைந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்காமல் சில நொடிகள் பேசிவிட்டு அணைத்து வைப்பது அவருக்கு எளிதாக இருந்தது. அவருடைய குரலில் இருந்த பதற்றம் இரவு ஏற ஏறக் குறைந்துவந்ததைக் கேட்டே நாங்கள் ஒவ்வொருவராக உறங்கப் போனோம்.

குறைகளும் உண்டு, அவற்றில் சில கடுமையானவை. முதலாவது, தேட முடியாமை. எழுதிய செய்தியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஓராண்டுக்கு முந்தைய வரியும் கிடைத்துவிடும். குரல்பதிவில் யார் எப்போது எதைச் சொன்னார் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாகத் திறந்து கேட்பதைத் தவிர வழியில்லை. தோழி ஒருத்தி தன் மாமியாரின் வத்தக்குழம்பு முறையை அழகாக விவரித்திருந்தாள். பிறகு அதைத் தேடுவதைவிட மறுபடியும் அவளிடமே கேட்பது எளிதாக இருந்தது. குரலை எழுத்தாக்கிக் காட்டும் வசதியை வாட்ஸ்ஆப் 2024 நவம்பரில் அறிவித்தபோது, தொடக்கத்தில் அளித்த மொழிகளில் தமிழ் இல்லை. இவ்வளவு பேர் இவ்வளவு பேசும் மொழிக்கு அது முதல் வரிசையிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. செவித்திறன் குறைந்தவர்களை இந்த வசதி முற்றிலும் வெளியே நிறுத்திவிடுகிறது. எங்களோடு கல்லூரியில் படித்த இன்னொரு தோழிக்குக் காது கேளாது. அவர் ஆரம்பத்தில் குழுவில் இருந்தார். பேச்சு அதிகமாக அதிகமாக, அவருக்காக ஒருவர் நாள்தோறும் சுருக்கம் எழுதி அனுப்புவது என்று ஏற்பாடு செய்தோம். அவர் அதை ஏற்றுக்கொண்டாலும், மற்றவர்கள் குழந்தையின் சிரிப்பைக் கேட்கும்போது அவருக்குக் கிடைத்தது “குழந்தை சிரித்தது” என்ற வரி மட்டுமே. இறுதியில் அவரோடு எழுத்திலும் காணொளியிலும் பேச ஒரு தனிக் குழு வைத்துக்கொண்டோம். குரல்பதிவைப் புகழும் எவரும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பதிவுசெய்ததை அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கும் வசதியும் அந்த நாட்களில் இல்லை. அது 2021 டிசம்பரில்தான் வந்தது. இடையில் நிறுத்தி, பிறகு தொடர்ந்து பேசும் வசதியும், ஓர் உரையாடலை விட்டு வெளியேறினாலும் பதிவு தொடர்ந்து ஒலிக்கும் வசதியும் 2022இல் வந்தன. மிகவும் தேவைப்பட்ட காலத்தில் இவை கிடைக்காமல், தேவை தணிந்த பிறகு வந்து சேர்ந்தன. 2021இன் நடுவில் வந்த வேகக் கட்டுப்பாடு பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பது அலுவலகச் செய்திகளுக்குப் பொருந்தலாம். நண்பர் தயங்கி நிறுத்தும் இடத்தை வேகப்படுத்திக் கேட்டால், அவர் சொல்லாமல் விட்டது காதில் விழாது. எங்கள் குழுவில் பெரம்பூர் நண்பர் மட்டும் நீளமாகப் பேசுவார். அவர் பதிவுகளையும் இயல்பான வேகத்திலேயே கேட்பது என்று முடிவுசெய்தோம்.

குரல்பதிவு எல்லாச் செய்திக்கும் ஏற்றதன்று என்பதை 2021 மே மாதம் எங்களுக்கு உணர்த்தியது. இரண்டாம் அலையில் மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். எங்களில் ஒருவரின் தந்தைக்காக இருவர் மாறி மாறி அங்கே நின்றார்கள். அந்த வாரத்தில் குரல்பதிவு வந்தாலே திறக்க அஞ்சினோம். உள்ளே என்ன இருக்கிறது என்பது முதல் சில நொடிகளைக் கேட்கும் வரை தெரியாது. எழுத்தென்றால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆகவே ஆக்சிஜன் அளவு, படுக்கை கிடைத்ததா என்ற விவரம், மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுத்தில் மட்டும் தருவது என்றும், மரணச் செய்தியை நேரடியாக அழைத்துச் சொல்வது என்றும் நாங்களே ஒழுங்குசெய்துகொண்டோம். அந்தத் தந்தை பிழைக்கவில்லை. அவருடைய மகனுக்கு அன்று இரவு நாங்கள் பேசி அனுப்பிய ஆறு பதிவுகளை அவன் உடனே கேட்கவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு, தன்னால் தாங்க முடிந்த நேரத்தில் ஒன்றொன்றாகக் கேட்டதாகச் சொன்னான். அழைப்பென்றால் அன்றே எடுத்து, அழும் நண்பர்களுக்கும் அவனே ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். கேட்பவர் நேரத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்ற இந்த ஒரு பண்புக்காகவே துக்கம் விசாரிக்கக் குரல்பதிவைப் பரிந்துரைக்கிறேன்.

தனியுரிமை பற்றிய பேச்சு 2021 ஜனவரியில் எழுந்தது. வாட்ஸ்ஆப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, பிப்ரவரி 8க்குள் ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் அந்தக் கெடுவை மே 15க்குத் தள்ளிவைத்தது. சிக்னல், டெலிகிராம் ஆகிய போட்டிச் செயலிகளுக்குப் பலர் மாறினார்கள். எங்கள் குழுவிலும் மாறுவதா என்ற விவாதம் நடந்தது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் அறிய முடியாதபடி உரையாடல்கள் இருமுனைக் குறியாக்கத்தால் காக்கப்பட்டிருந்தாலும், கூகுள் டிரைவில் சேமிக்கப்படும் காப்புப்படிக்கு அந்தப் பாதுகாப்பை விரும்பித் தேர்ந்துகொள்ளும் வழி 2021 அக்டோபரில்தான் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கொள்கையளவில் மாறியிருக்கலாம் என்றே இன்றும் எண்ணுகிறேன். எங்களைத் தடுத்தது வேறொன்று: ஓராண்டுக் காலத்தின் குரல்கள் அந்தச் செயலிக்குள் இருந்தன, அவற்றை வரிசை கலையாமல் இன்னொரு செயலிக்குள் கொண்டுபோக எளிய வழியில்லை. நண்பர்களின் நினைவுகள் ஒரு நிறுவனத்தின் செயலியோடு இப்படிப் பிணைந்துவிடுவது நல்லதன்று. இதற்காக வாட்ஸ்ஆப்புக்கு நான் தரும் மதிப்பை வெகுவாகக் குறைக்கிறேன்.

பாதுகாத்து வைப்பதற்கு உள்ள வழிகளை, இப்போது பயன்படுத்துவோருக்காகச் சற்று விளக்குகிறேன். ஆண்ட்ராய்டு கைபேசியில் குரல்பதிவுகளுக்கென்று தனிக் கோப்புறை இருக்கிறது. அதற்குள் ஆண்டையும் வார எண்ணையும் பெயராகக் கொண்ட உட்கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஆண்டு, மாதம், நாள் ஆகியவை தொடர்ந்து வரும். பேசியவர் பெயர் அதில் இருக்காது. நண்பர் குழு, அலுவலகக் குழு, உறவினர் குழு எல்லாவற்றின் பதிவுகளும் அங்கே கலந்தே கிடக்கும். ஒரு குழுவின் உரையாடலை மட்டும் தனியே எடுக்க, குழு உரையாடலின் மெனுவில் உள்ள ஏற்றுமதி வசதியை ஊடகக் கோப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகப் பழைய செய்திகள் அதில் விடுபட்டுப்போகும். ஆகையால் ஆண்டுக்கொரு முறை என்று விடாமல் சில மாதங்களுக்கு ஒரு முறையாவது செய்துகொள்வது நல்லது. கைபேசியை மாற்றும்போது காப்புப்படியிலிருந்து எல்லாம் திரும்பிவிடும் என்று நம்பி இருப்பதும் சரியன்று.

எங்கள் குழுவில் இந்தப் பொறுப்பை அம்பத்தூர்த் தோழி ஏற்றுக்கொண்டாள். முக்கியமான பதிவுகளுக்குப் பேசியவர் பெயரையும் பொருளையும் சேர்த்துத் தமிழிலேயே பெயரிட்டுத் தனி வன்தட்டில் வைத்திருக்கிறாள். எது முக்கியம் என்று முடிவுசெய்யும் உரிமையையும் அவளுக்கே கொடுத்திருக்கிறோம். மெரினா கடற்கரை 2020 டிசம்பர் 14இல் மீண்டும் திறந்தபோது பெரம்பூர் நண்பர் அலைச்சத்தத்தை மட்டும் பேச்சின்றி அனுப்பிய பதிவும், 2021 மார்ச்சில் அறுபது வயதைக் கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியதும் தாம்பரம் தோழியின் அம்மா ஊசி போட்டுக்கொண்டு வந்து “ஒண்ணுமே வலிக்கல, எல்லாரும் போய்ப் போட்டுக்கோங்க” என்று எங்கள் அனைவருக்கும் சொன்ன பதிவும் அதில் இருக்கின்றன. குழுவில் சேர விரும்பும் எவரும் ஸ்மார்ட்போன் மட்டும் வைத்திருந்தால் போதும், கட்டணம் ஏதுமில்லை. ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்க்காமலிருப்பதும், ஃபார்வேர்டுகளை முதல் நாளிலிருந்தே தடுப்பதும், காது கேளாத நண்பர் இருந்தால் குரலுக்கு முன் எழுத்தை அனுப்புவதும் கட்டாயம்.